மார்கரெட் அக்கா படித்த ஒரே ஸ்லைடு

எங்கள் லேப்பில் சுவரில் எழுதி ஒட்டாத ஒரு சட்டம் உண்டு. வெட்டுகிறவர் படிக்கக் கூடாது. ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது டெக்னீஷியன் வேலை. அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்வது டாக்டர் வேலை. டாக்டர் சொல்வதை டைப் அடிப்பது என் வேலை. மூன்று பேரும் அவரவர் நாற்காலியில் இருக்கிறவரை ஒரு வம்பும் இல்லை. பத்தொன்பது வருஷம் தன் நாற்காலியை விட்டு நகராத மார்கரெட் அக்கா, போன வருஷம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நகர்ந்தார். சில நாள் கழித்து நானும் நகர்ந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். அவரைக் குறை சொல்வதற்காக இல்லை. குறை சொல்ல எனக்கு எவ்வளவு யோக்கியதை இருக்கிறது என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் ஆண்டாள். வடக்கனந்தலிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வருகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று லேப்பில் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொல்லாத ஒரே ஆள் மார்கரெட் அக்கா. அவர் பேசுவதே கம்மி. உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊரில் பிறந்தவர். அப்பா கூலி வேலை. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, லேப் படிப்பு முடித்து, கல்யாணமாகி, ஐந்து வயது மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தார். வந்த முதல் வாரமே பிளேடு பட்டு இடது கட்டைவிரலில் நான்கு தையல். அப்புறம் ஒருநாளும் கை தவறவில்லை.

அவர் சீவுவதை நின்று பார்க்கலாம். மெழுகுக் கட்டியை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, மெஷினில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றுவார். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஏடுகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நாடாவாக வரும். மூச்சுவிட்டால்கூடக் கலைந்துவிடும். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் அதை எடுத்து வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்திக்கொள்வார். வேறு லேப்களில் சுருங்கிக் கிழிந்து வருவதெல்லாம் அவர் கைக்கு வந்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு கட்டியோடும் ஒரு சீட்டு வரும். பெயர், வயது, எந்த உறுப்பு என்று. அக்கா மெஷினைத் தொடுவதற்கு முன் அந்தப் பெயரை வாய்க்குள் படித்து ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்வார். எல்லாச் சாதி, எல்லாச் சாமி ஆட்களுக்கும் சொல்வார். மாரியம்மன் கோயில் பூசாரி ஒருவரின் சீட்டுக்கும் அவர் சொன்னபோது நான் கேலி செய்தேன். “மாதா இன்னா ஆதார் கார்டா கேக்கப்போறாங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அவர் வீட்டுக்காரர் பிலவேந்திரன் லாரி டிரைவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு, கீழே ஜவ்வரிசி ஆலையில் இறக்குவார். அக்கா எவ்வளவு அமைதியோ அவர் அவ்வளவு பேச்சு. மலையில் யார் வீட்டில் எந்த மாடு கன்று போட்டது என்பதுவரை அவருக்குத் தெரியும். மகள் ஷைனி நர்சிங் படித்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குவைத்துக்குப் போனாள். அன்றிலிருந்து மனுஷன் ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் தேடுவார். கிடைத்தால் வண்டியை ஓரங்கட்டி மகளுக்கு வீடியோ கால் போடுவார்.

இனி சந்தியா டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு மாலையில் எங்கள் லேப்புக்கு வருகிறவர். மூன்று வருஷத்துக்கு முன் நுரையீரல் கட்டிகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். பல ஊர்களிலிருந்து நூற்று நாற்பது பேருடைய பழைய மெழுகுக் கட்டிகள் வந்தன. அத்தனையையும் அக்காதான் சீவினார். அந்த நூற்று நாற்பது பெயருக்கும் மரியே சொன்னார். அதில் முக்கால்வாசிப் பேர் அப்போதே உயிரோடு இல்லை என்று நான் சொன்ன பிறகும் சொன்னார்.

ஆய்வு எதைப் பற்றியென்றால், சிலருடைய கட்டிக்குள்ளும் கட்டியின் ஓரத்திலும் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக வந்து, உருண்டை உருண்டையாக முடிச்சு போட்டு உட்கார்ந்திருக்கும். புத்தகத்தில் அதற்கு ‘மூன்றாம் நிலை நிணநீர்க் கட்டமைப்பு’ என்று முழ நீளத்துக்குப் பெயர். நாங்கள் முடிச்சு என்போம். சாயம் ஏற்றினால் சுற்றியிருக்கும் சதை ரோஸாகவும் முடிச்சு கருநீலமாகவும் தெரியும். நுரையீரலில் அப்படி முடிச்சு சாதாரணமாக இருக்காது. நோய் வந்த இடத்துக்கே உடம்பு போய் ஒரு முகாம் போட்டு, அங்கேயே ஆள் பழக்கிச் சண்டைக்கு அனுப்புகிறது என்று டாக்டர் சொன்னார். ஒருநாள் உற்சாகத்தில் அக்காவையும் என்னையும் கூப்பிட்டு ஒரு முடிச்சைக் காட்டினார். முடிச்சு நிறைய இருந்தவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் இருந்திருக்கிறார்கள் என்றார். உடனே, இது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஒரு ஆளுக்கு இதை வைத்து வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். முதலில் சொன்னது எங்கள் இருவர் மனதிலும் நின்றது. இரண்டாவதாகச் சொன்னது நிற்கவில்லை.

போன வருஷம் பிப்ரவரியில் பிலவேந்திரன் அண்ணனுக்கு இருமல் வந்தது. மலைப் பனி, கிழங்குத் தூசு என்று இரண்டு மாதம் போயிற்று. ஏப்ரலில் ஸ்கேன், வலது நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். பார்க்க வந்த ஒவ்வொரு சொந்தக்காரரும் “பீடி குடிப்பாரா” என்று கேட்டார்கள். அவர் பீடியைத் தொட்டதே இல்லை. குடிப்பார் என்று சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று அக்கா என்னிடம் சொன்னார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஜூன் முதல் வாரம் பாண்டிச்சேரியில் ஆபரேஷன். நுரையீரலின் ஒரு பகுதியையும் பக்கத்திலிருந்த நெறிகளையும் எடுத்தார்கள். தொண்டையிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறது என்போமே, அதேதான், மார்புக்குள்ளும் இருக்கும். முழு ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் ஒரு மெழுகுக் கட்டியைச் சென்னைக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி அக்கா கையில் ஒரே ஒரு கட்டியைக் கொடுத்தார்கள். அதன்மேல் பென்சிலால் ஒரு நம்பரும் ஓர் எழுத்தும்தான். வேறு யாராக இருந்தாலும் அதைக் கூரியரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அக்காவுக்குச் சீவத் தெரியும். அவர் செய்த பாவம் அவ்வளவுதான்.

ஷைனி விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு லீவ், முப்பது நாள். அதைக் கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்தாள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றதும் ஜூலைக்கு மாற்றித் தரக் கேட்டிருந்தாள். ஜூலையா டிசம்பரா என்று ஜூன் இருபத்தைந்துக்குள் முடிவாகச் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு மாற்ற முடியாது என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டார். ரிப்போர்ட் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் காத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா நேராக லேப்புக்கு வந்தார். பாக்கி இருந்த ரிப்போர்ட்டுகளை அடிக்க நானும் வந்திருந்தேன். கைப்பையிலிருந்து கட்டியை எடுத்து ஐஸில் வைத்தார். யாருடையது என்று நான் கேட்கவில்லை. மரியே சொல்லும்போது குரல் உடைந்ததில் தெரிந்துவிட்டது. இரண்டே ஏடு எடுத்தார். சாயம் ஏற்றிக் காயவைத்து, டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். நடுவில் புற்று தாறுமாறாகக் கிடந்தது. ஓரம் முழுக்க நீல முடிச்சுகள். உருண்டையாக, அழகாக, வரிசையாக. நான் எண்ணினேன், பதினொன்று.

அந்த ஆய்வின் அட்டவணையை அடித்தவள் நான். எத்தனை முடிச்சு, எத்தனை மாதம் உயிரோடு இருந்தார் என்று நூற்று நாற்பது வரியும் எனக்கு மனப்பாடம். பத்துக்கு மேல் முடிச்சு இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஐந்து வருஷத்தைத் தாண்டியிருந்தார்கள். அதை நான்தான் அக்காவிடம் சொன்னேன். வாய் நீளம் என்றேனே, அது அன்றைக்கு நீண்டது. அக்கா டாக்டர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரென்று நினைத்துத் தோளைத் தொட்டால், சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். பிலவேந்திரன் அண்ணன் முடிச்சு என்றால் என்ன, முகாம் என்றால் என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் அவருக்குப் புரிந்தவிதத்தில் புரிந்துகொண்டார்.

“அப்டின்னா செக்போஸ்ட்டுன்னு சொல்லு. பதினோரு செக்போஸ்ட் போட்டுக்கினு உக்காந்திருக்கானுங்க. ஒரு லோடு தாண்டாது.”

அடுத்த போன் அண்ணன் ஷைனிக்குப் போட்டது. உடனே ஓடிவர வேண்டாம், அம்மாவே கண்ணால் பார்த்துவிட்டாள், கிறிஸ்துமஸுக்கு வந்து முழுசாக ஒரு மாதம் இரு, மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாராம். அவளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் நர்ஸ் ஆயிற்றே. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு டிசம்பர் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றாள்.

புதன்கிழமை மாலை அக்கா அந்த ஸ்லைடைச் சந்தியா டாக்டரிடம் எடுத்துப்போனார். சட்டத்தை மீறியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். முகத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்கிற களை இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துப் பார்த்தார். ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினார். மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். இது எந்த மெழுகுக் கட்டி, சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். சீட்டு இல்லை என்றார் அக்கா. டாக்டர் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“இது லங் இல்லக்கா. நோடு.”

நோடு என்றால் நெறி. அதனால் என்ன என்பதுதான் அக்காவுக்கும் எனக்கும் புரியவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். நெறிக்குள் இந்த நீல முடிச்சு எல்லா மனிதருக்கும் பிறவியிலிருந்தே இருக்கும். நெறி என்பதே அந்த முடிச்சுகளின் வீடுதான். நுரையீரலில் புதிதாக முளைத்தால்தான் அது நல்ல சேதி. இங்கே முடிச்சு புற்றைத் தேடி வரவில்லை. புற்றுதான் நுரையீரலை விட்டுக் கிளம்பி, முடிச்சு இருக்கிற வீட்டுக்குள் புகுந்து பெரும்பகுதியைத் தின்றிருக்கிறது. புற்று நிறைய இருக்கிற மெழுகுக் கட்டியாகப் பார்த்துத்தான் சோதனைக்குக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் எண்ணிய பதினொன்று, இன்னும் தின்று முடிக்காத மிச்சம்.

படம் ஒன்றுதான். இருக்கிற இடத்தைப் பொறுத்து அர்த்தம் தலைகீழ். படிக்கிறவர் நாற்காலியில் உட்காரப் பத்து வருஷம் ஏன் படிக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார், எத்தனை நாள் என்று. டாக்டர் மழுப்பவில்லை. ஆறு மாதத்தில் போகிறவர்களும் உண்டு, மூன்று வருஷம் நான்கு வருஷம் இருக்கிறவர்களும் உண்டு, சராசரி சொல்லலாமே தவிர இவருக்கு இவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். மறுநாள் பாண்டிச்சேரி ரிப்போர்ட்டும் வந்தது. பன்னிரண்டு நெறி எடுத்ததில் ஐந்தில் புற்று என்று இருந்தது.

அன்று தேதி இருபத்திரண்டு. ஷைனி சொல்லவேண்டிய கெடுவுக்கு மூன்று நாள் இருந்தது.

வீட்டில் அண்ணன் வேறு ஆளாக மாறியிருந்தார். ஆபரேஷன் வலியோடு எழுந்து உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் செக்போஸ்ட் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பங்குச் சாமியாரிடம் சொல்லி நன்றிப் பூசைக்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டார். நாலு மாதமாக இறங்காத சோறு இறங்கியது. அக்கா பாண்டிச்சேரி ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றிருக்கிறார். வாயைத் திறக்க முடியவில்லை. திரும்பி லேப்புக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆண்டாளு, இதே மாரி இன்னொண்ணு அடிச்சிக் குடு. அந்த நெறி வரிய மட்டும் மாத்திடு.”

இது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஷைனிக்காவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சொன்ன காரணம் இதுதான். உண்மை தெரிந்தால் ஷைனி ஜூலையிலேயே ஓடிவருவாள். அப்பா வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் வந்து நின்றால் அவருக்குப் புரிந்துவிடும். புரிந்த நிமிஷமே மனுஷன் படுத்துவிடுவார். டாக்டர் மூன்று வருஷம் என்றாரே, கிறிஸ்துமஸுக்கு ஆறே மாதம்தான், அதுவரை சந்தோஷமாக இருக்கட்டும், மகள் வந்ததும் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன். ஆறு மாதம் என்றும் டாக்டர் சொன்னதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷி யாரிடமும் எதையும் கேட்டதில்லை. நான் அடித்தேன். பன்னிரண்டு நெறியிலும் புற்று இல்லை என்று அடித்தேன். ஒரு வரிதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். ஷைனியிடமிருந்து ஒரு சிவப்பு இதயமும் கைகூப்பும் வந்தன. அன்று மாலையே டிசம்பர் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஜூலையில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். நெறியில் புற்று இல்லையென்றால் மருந்து எதற்கு என்று ஷைனி கேட்டாள். கட்டி பெரியது, முன்னெச்சரிக்கைக்கு என்று அக்கா சொன்னார். பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது என்று என்னிடம் சொல்லிக் கசப்பாகச் சிரித்தார். ஆகஸ்டில் அண்ணன் ஒருமுறை மலைக்குப் போய்வந்தார். ஓட்டவில்லை, சிநேகிதர் வீரமுத்து ஓட்ட, இவர் கிளீனர் சீட்டில் உட்கார்ந்துபோனார். வெள்ளிமலையில் டீக்கடை டீக்கடையாக இறங்கி எல்லோரையும் பார்த்துவிட்டு, டிசம்பரில் மகளோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த நாளின் சந்தோஷத்தை என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை. அது நிஜமாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் மூச்சு வாங்கியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தது. எடுத்தார்கள், மறுபடி கோத்தது. வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டி, மருந்துச் சூடும்மா என்பார். இப்போதாவது பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று நான் அக்காவிடம் சண்டையே போட்டேன். இன்னும் பதின்மூன்று வாரம்தான் என்றார். அடுத்த வாரம் பன்னிரண்டு என்றார். காலண்டரை அவர் வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் போனில் ஷைனி நம்பர் இருந்தது. இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். கூப்பிட்டால் அந்த வரியை அடித்தது யார் என்பதும் சேர்ந்து வெளியே வரும். அக்காவுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். பயந்தேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தண்ணீர் கேட்டார். அக்கா செம்பு எடுத்து வருவதற்குள் சாய்ந்துவிட்டார். ரத்தம் கட்டி நுரையீரலை அடைத்திருக்கும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்குப் பதினொரு வாரம் இருந்தது.

ஷைனி வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதுவரை குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். சென்னையில் இறங்கி, காரில் உளுந்தூர்பேட்டை வழியாக வந்தாள். கத்தவில்லை. பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, திறக்கச் சொன்னாள். திறந்தார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்ளோ இளைச்சிட்டாரா” என்று மட்டும் கேட்டாள். போனில் முகத்தை மட்டும்தானே பார்த்திருந்தாள். அன்று மாலை அடக்கம்.

மறுநாள் மதியம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள் கலைந்திருந்தார்கள். ஷைனி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அப்பாவின் மருத்துவ பைல் விரித்துக் கிடந்தது. இறப்புச் சான்றிதழுக்கு ஆதார் தேடியிருக்கிறாள். பைலின் கடைசி உறையில் பாண்டிச்சேரி ரிப்போர்ட் இருந்திருக்கிறது. அதை ஒரு கையிலும், ஜூனில் வந்த போட்டோ இருந்த போனை மறு கையிலும் வைத்திருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இதை யார் அடித்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். என்னை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அம்மா பக்கம் திரும்பி, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். அக்கா தேதியைச் சொன்னார், மறைக்கவில்லை. ஸ்லைடைத் தப்பாகப் படித்தது, டாக்டர் சொன்னது, மூன்று வருஷக் கணக்கு எல்லாவற்றையும் சொன்னார். அத்தனை மாதம் பூட்டி வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது.

“நீ வந்து நின்னா அவருக்குத் தெரிஞ்சிடும்னுதான் கண்ணு. அந்த முகத்தப் பாத்துக்கினு என்னால சொல்ல முடியல. தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவாருன்னு இருந்தேன்.”

ஷைனி ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“எப்டிம்மா தெரியும்? நான் நர்ஸு. என் வார்டுல பதினாலு பேரு. நாளைக்கு இருக்க மாட்டாருன்னு தெரிஞ்ச ஆளு பக்கத்துல தெனம் சிரிச்சிக்கினு உக்காந்திருக்கேன். ஒண்ணும் இல்ல, வூட்டுக்குப் போயிடலாம்னு சொல்லிட்டு வெளிய வந்து அழுவேன். பாஷ தெரியாதவங்களுக்குச் செய்றேன். எங்கப்பாவுக்குச் செஞ்சிருக்க மாட்டேனா?”

அந்த வழி ஒன்று இருந்தது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஜூலையில் அவள் சிரித்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தால், லீவ் முன்னாடியே கிடைத்துவிட்டது அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மனுஷன் நம்பியிருப்பார். மகள் சொன்னதை அவர் என்றைக்கு நம்பாமல் இருந்தார்? முப்பது நாள் கிடைத்திருக்கும். மலைக்குப் போயிருப்பார்கள். அவருக்கும் தெரிந்திருக்காது, இவளுக்கும் தவறிப்போயிருக்காது. தான் பெற்று வளர்த்து நர்ஸ் ஆக்கிய பெண் தன்னைவிடப் பக்குவமாகப் பொய் சொல்லத் தெரிந்தவள் என்று அக்கா ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அவளை இன்னும் ஐந்து வயதுக் குழந்தையாகவே வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஷைனி எழுந்து வந்து என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டாள். தட்டில் சோறு போட்டுப் பிசைந்து அம்மா வாயருகே கொண்டுபோனாள். அக்கா வாங்கவில்லை. சாப்பிடும்மா, மாத்திரை போடணும் என்றாள், ஒரு நோயாளியிடம் சொல்கிற குரலில். அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா கதறினார். புருஷன் செத்த நாளிலிருந்து அதுவரை அவர் அழுதிருக்கவில்லை.

சாவு என்பதால் மேலதிகாரி மாற்றிக் கொடுத்த அவளுடைய ஒரே லீவ் அந்த அக்டோபரோடு தீர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.